ஈரமணல் சட்டி

அக்கா,

உங்கள் சட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. சமையலறையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி, இரண்டுக்கும் நடுவே மணல். நேற்றுச் சாயங்காலம் மணலில் தண்ணீர் விட்டேன். அந்த வாடை குப்பென்று வந்தது. ஈரமண் வாடை மட்டும் இல்லை. இன்சுலினுக்கென்று ஒரு வாடை உண்டே, பினாயிலும் பிளாஸ்திரியும் கலந்த மாதிரி, அதுவும் சேர்ந்து வந்தது. எப்போதோ உள்ளே ஒரு குப்பி உடைந்திருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியவே வீட்டுக்குக் கொண்டாந்துட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். இது எப்படி என் கைக்கு வந்தது என்று உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நினைவிருக்கிறதா, முதல் தடவை நான் உங்கள் அகதி முகாமுக்கு வந்த நாள்? நான் ஆவூர்க்காரி, விராலிமலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கிற நர்ஸ். மாதத்துக்கு ஒரு நாள் ஜீப்பில் உங்கள் முகாமுக்கு வர வேண்டும் என்று புதிதாகப் போட்டிருந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். "பேர் சொல்லுங்க" என்றேன். நீங்கள் பெயரைச் சொல்லவில்லை, குடும்ப அட்டை நம்பரைச் சொன்னீர்கள். "நம்பர் வேணாம்க்கா, பேரு" என்றதும் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தீர்கள். "முப்பது வருசமா இஞ்ச ஒருத்தரும் முதல்ல பேர் கேக்கேல்லை பிள்ளை. அதான் வாயில வரேல்லை." படகில் மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது உங்களுக்கு என் வயதுகூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு நான் ரொம்பக் கெட்டிக்காரி. சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். சோற்றைக் குறைங்க, காய்கறி நிறைய சேத்துக்கங்க, தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டீர்கள். "ரேசன்ல தாறது அரிசி. அரிசியைக் குறைச்சா மிச்சம் தண்ணிதான் பிள்ளை கிடக்கு. நடக்கிறதெண்டா கேட் வரைக்கும் நடக்கலாம். அதுக்கு அங்கால பாஸ் வேணும்." வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்த ஒப்பித்தலை விட்டுவிட்டேன்.

மாத்திரைக்கு அடங்காமல் உங்களை இன்சுலினுக்கு மாற்றினார்கள். "வீட்ல பிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டேன். "பிரிட்ஜை உள்ள வச்சா நான் வெளியிலதான் படுக்க வேணும்" என்றீர்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே சிமெண்டு ஓடு. சித்திரை வெயிலில் அதற்குள் நுழைந்தால் நம் தலையே வெந்துவிடும், மருந்து எந்த மூலைக்கு? அப்போதுதான் இந்தச் சட்டி யோசனையைச் சொன்னேன், நடுவில் மணல் ஈரமாக இருக்கிற வரைக்கும் உள்சட்டி குளிர்ந்திருக்கும் என்று. நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வதுதான். நீங்கள் பாஸ் வாங்கிக்கொண்டு குளத்தூர்ச் சந்தைக்குப் போய் இரண்டு சட்டிகள் தேர்ந்தெடுத்து வந்தீர்கள். சும்மா வாங்கவில்லை, தட்டித் தட்டி ஓசை பார்த்து வாங்கியதாகப் பெருமையாகச் சொன்னீர்கள்.

அடுத்த மாதம் பார்த்தால் உங்கள் சட்டிக்குள் ஐந்து குப்பிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல். சிவப்பு உங்களுடையது, பச்சை பக்கத்து வீட்டுச் சுகந்தியுடையது. நீலமும் மற்ற இரண்டும் மூன்று வரிசை தள்ளி இருக்கிறவர்களுடையவை. காலையிலும் சாயங்காலமும் எல்லோரும் உங்கள் வாசலில் கூடுவார்கள். நீங்கள் குப்பியை எடுத்துக் கொடுப்பீர்கள், அங்கேயே போட்டுக்கொண்டு போவார்கள். முகாமுக்குள் ஓர் ஆஸ்பத்திரியை நீங்கள் நடத்துவதாக நான் கேலி செய்தேன். "ஓம், சம்பளம் இல்லாத ஆஸ்பத்திரி" என்றீர்கள்.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம், அக்கா.

அந்தச் செக்கிங் நாளைச் சொல்கிறேன். ஆபீசர் வந்து ஆள் கணக்கு எடுக்கிற நாளில் எல்லோரும் அட்டையோடு மேசை முன்னால் நிற்க வேண்டும், நிற்காதவர் பெயர் விட்டுப்போகும். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றாகியும் வரவில்லை. நீங்கள் ஏழு மணிக்கே ஊசி போட்டுக்கொண்டு, இடம் போய்விடும் என்று சாப்பிடாமல் வரிசைக்கு வந்துவிட்டீர்கள். தற்செயலாக அன்றுதான் எங்கள் ஜீப்பும் வந்தது. நான் இறங்கும்போது நீங்கள் தரையில் கிடந்தீர்கள். சேலையெல்லாம் வேர்வை, பல் கிட்டியிருந்தது. யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்த சீனியைக் குழைத்து ஈறில் தடவித் தடவி உங்களை எழுப்பினேன். கண் திறந்ததும் நீங்கள் கேட்டது, "என்ர பேர் கூப்பிட்டாச்சோ?"

எனக்கு வந்ததே கோபம். பயம்தான் கோபமாக வந்தது. நாற்பது பேர் முன்னால் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "சாப்பிடாம ஊசி போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? செத்துப் போயிருப்பீங்க! சாப்பாடு இல்லைன்னா ஊசி இல்லை. அவ்வளவுதான். இதை மட்டும் மறக்காதீங்க."

நீங்கள் மறக்கவில்லை. அன்று முதல் உங்கள் வாசலில் அதுவே சட்டம் ஆனது. குப்பிக்குக் கை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும், "சாப்பிட்டனியோ?" என்று கேட்பீர்கள். இல்லை என்றால் குப்பி கிடையாது. "போய்ச் சாப்பிட்டிட்டு வா. நர்ஸ் பிள்ளை சொல்லியிருக்கிறா." பிறகு வந்த மாதங்களில் முகாமில் ஒருவர்கூட மயங்கி விழவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் உங்களைப் பற்றிச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காய்ச்சல் என்று படுத்துவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டாலும், இன்சுலினை நாமாக நிறுத்தக்கூடாது. உடம்பு காய்ச்சலோடு மல்லுக்கட்டும்போது சர்க்கரை தானாக ஏறும், மருந்து இல்லாவிட்டால் ரத்தமே விஷமாகிவிடும். எவ்வளவு போடுவது என்று எங்களைக் கேட்டு அளவை மாற்ற வேண்டுமே தவிர, விட்டுவிடக்கூடாது. எனக்கு இது தெரியும். நன்றாகத் தெரியும். உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கொரோனா வந்தது. சுகர் மேசையை மூடிவிட்டு எங்களை நெடுஞ்சாலைச் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். வருகிற வண்டியில் எல்லாம் காய்ச்சல் பார்க்கிற வேலை. முகாமுக்கு ஜீப் வரவில்லை. இரண்டு மாத மருந்தை மொத்தமாகக் கட்டி, கேட்டுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பீர்கள். முகக்கவசத்துக்கு மேல் உங்கள் கண் மட்டும் சிரிக்கும். "கடலையே தாண்டி வந்தனாங்கள், இந்தக் கேட்டைத் தாண்ட ஏலாமல் கிடக்கு" என்றீர்கள் ஒரு நாள். சர்க்கரை பார்க்கிற மிஷினுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோய்விட்டது என்றும் சொன்னீர்கள். அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்றேன். எங்களுக்கே வரவில்லை.

இரண்டாவது அலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் போன் செய்தீர்கள். என் முன்னால் தடுப்பூசிக்கு நீளமாக வரிசை நின்றது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன்.

"பிள்ளை, கொஞ்சம் காய்ச்சல்போலக் கிடக்கு. ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

"ஏன்க்கா? டெஸ்ட் எடுக்கணும்ல?"

"டெஸ்ட் எடுத்து ஓம் எண்டு வந்தா முகாமையே தகரம் வச்சு அடைச்சுப்போடுவினம். எங்கட ஆம்பிளையள் இப்பதான் பெயின்ட் வேலைக்குப் பாஸ் எடுத்திருக்கினம். ஏற்கெனவே வெளியில எங்களைக் கண்டா விலகித்தான் நடக்குதுகள். ரெண்டு நாள்ல மாறிடும்."

சொல்லியிருக்க வேண்டும், அக்கா. அன்று மத்தியானமே டெஸ்ட் எடுக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். உங்கள் மேல் இருந்த பாசத்தில் வாயை மூடிக்கொண்டதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் பாசம். மீதி, எனக்கு முன்னால் நின்ற அந்த வரிசை. "மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கிறீங்கல்ல?" என்று கேட்டேன். "ஓம், நீங்கள் சொல்லித் தந்தபடிதான் எல்லாம் நடக்குது" என்றீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. வெந்நீர் குடிங்க, காய்ச்சல் மாத்திரை போடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கையைப் பிடித்தேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. நான் சொல்லித் தந்தபடிதான் நடந்தது. சாப்பாடு இறங்கவில்லை, அதனால் ஊசி போடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகந்தி கூப்பிட்டாள். அவள் முகாமிலேயே பிறந்தவள். என்னிடம் பேசும்போது எங்கள் ஊர்ப் பேச்சு வரும், உங்களிடம் பேசும்போது உங்கள் பேச்சு வரும். "சிஸ்டர், அக்காவுக்கு மூச்சு இழுக்குது. வாந்தி நிக்கல. கொரோனா முத்திப் போச்சுன்னு எல்லாரும் பயந்து போய் இருக்காங்க. சீக்கிரம் வாங்க."

"ஊசி போட்டாங்களா?"

"இல்லை சிஸ்டர். திங்கக்கிழமையிலேருந்து சாப்பாடே இல்லையே. எப்படிப் போடுறது?"

உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். ஆம்புலன்ஸ் எல்லாம் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. பெயின்ட் டப்பா ஏற்றுகிற ஒரு லோடு வண்டியில் பாய் விரித்து உங்களைப் படுக்க வைத்து எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கவச உடையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். உங்கள் மூச்சில் அழுகிய பழ வாடை. முகக்கவசத்தையும் மீறி மூக்கில் ஏறியது. ரத்தம் விஷமாகிவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. மிஷினில் விரலைக் குத்தினால் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. சலைன் ஏற்றினோம், இன்சுலின் போட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி தேடினோம். நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள். அந்த உடைக்குள் இருப்பது நான்தான் என்று எப்படித்தான் தெரிந்ததோ.

"சாப்பிடேல்லை பிள்ளை. அதான் போடேல்லை" என்றீர்கள். நல்ல பிள்ளை டீச்சரிடம் வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னீர்கள். "ஒழுங்காத்தான் இருந்தனான்."

ராத்திரி ஒரு வண்டி கிடைத்து உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் நீங்கள் இல்லை. டெஸ்டில் கொரோனா என்று வந்திருந்தது. இறப்புச் சான்றிதழில் அதையே எழுதினார்கள். நாலு நாள் இன்சுலின் போடவில்லை என்று அங்கே இருந்த டாக்டரிடம் போனில் சொன்னேன். அவர் தூங்கி எத்தனை நாள் ஆகியிருக்குமோ, "இப்ப அதை எங்க எழுதறது சிஸ்டர்?" என்றார். உங்களைத் துணியில் சுற்றி எங்கோ கொண்டுபோனார்கள். முகாமிலிருந்து ஒருவரையும் விடவில்லை. நீங்கள் பயந்த மாதிரியே தகரமும் அடித்தார்கள்.

எங்கள் ஊரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒரு தடவை எங்கள் மாதா கோயில் தேருக்கு உங்களைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். பாஸ் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மெழுகுவர்த்தியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் அம்மா கல்லறை ஓரத்திலேயே உங்களுக்கும் ஒன்று வைக்கிறேன். யாருக்கு என்று கேட்டால், தெரிஞ்ச அக்காவுக்கு என்பேன். எப்படிச் செத்தார்கள் என்று கேட்டால், கொரோனா என்பேன். இத்தனை வருஷமும் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன், முகாமிலும்கூட.

இப்போது முகாமில் புதிய வீடுகள் வந்துவிட்டன. காங்கிரீட் கூரை, சில வீடுகளில் பிரிட்ஜும் உண்டு. செக்கிங் மட்டும் மாறவில்லை. உங்களுக்குப் பிறகு சட்டியைச் சுகந்தி எடுத்துக்கொண்டாள். பிரிட்ஜ் இருந்தும் மருந்தைச் சட்டியில்தான் வைப்பாள். "அக்காவோட சட்டி சிஸ்டர், இதுல வச்சாத்தான் மருந்து கேக்கும்" என்பாள். உங்கள் மாதிரியே வாசலில் உட்கார்ந்துகொண்டு, கை நீட்டுகிறவர்களிடம் உங்கள் குரலிலேயே கேட்பாள். "சாப்பிட்டனியோ?" காய்ச்சலைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று வருவேன். சொல்ல வேண்டுமானால் நீங்கள் எதனால் செத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டி வரும். வந்த வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் போயிருந்தபோது, நீல நூல்காரப் பெரியவர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு?" என்றேன். சுகந்தி முந்திக்கொண்டு சொன்னாள். "மூணு நாள் காய்ச்சல் சிஸ்டர். கஞ்சிகூட எறங்கல. அதான் நான் ஊசி கொடுக்கவே இல்லை. நேத்துலேருந்துதான் சாப்பிடுறாரு. அக்கா சொல்லிட்டுப் போனத நாங்க மீறுறதே இல்லை."

அவர் பிழைத்தது அவருடைய நல்ல நேரம். வேறொன்றும் இல்லை. நான் வாயை மூடியிருந்தால் அந்த வாசலில் இன்னொருவர் சாவார். எல்லோரையும் உட்காரச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் ஊசியை நிறுத்தக்கூடாது, உடனே எனக்குப் போன் பண்ண வேண்டும் என்றேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. சுகந்தியைப் பார்த்தார்கள். "அக்கா அப்படிச் சொல்லலையே சிஸ்டர்" என்றாள் அவள்.

"அக்காவுக்கு அதைச் சொன்னதே நான்தான். பாதிதான் சொன்னேன். அக்கா கொரோனாவுல மட்டும் சாகலை சுகந்தி. ஊசி போட்டிருந்தா பொழைச்சிருக்கலாம். தப்பு என்னோடது."

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சுகந்தி மட்டும் சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். பேச ஆரம்பித்தபோது என்னிடம் எப்போதும் பேசுகிற பேச்சு வரவில்லை. உங்களிடம் பேசுகிற பேச்சு வந்தது.

"மூண்டாம் நாள் அக்கா கேட்டவ. சட்டி என்ர வீட்டிலதான் இருந்தது, அவவுக்கு எழும்ப ஏலாது எண்டு நான்தான் எடுத்து வச்சிருந்தனான். தண்ணி விடாய்க்குது, சீனி ஏறியிட்டுது போல, கொஞ்சமாப் போட்டுப் பாப்பமோ எண்டு கையை நீட்டினவ. நான், சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டன். அவ சிரிச்சவ. நீ நல்லாத்தான் பழகியிருக்கிறாய் எண்டு சொல்லிப்போட்டுக் கையை இழுத்துக்கொண்டா."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை நீங்கள்?"

அக்கா, என் பாரத்தை இறக்கி வைக்கப் போய் அவள் தலையில் ஏற்றிவிட்டேன். இறக்கியதாகவும் இல்லை, எனக்கு அப்படியேதான் இருக்கிறது.

இந்த மாதம் போனேன். சுகந்தியின் வாசலில் யாரும் இல்லை. குப்பிகளை அவரவர் எடுத்துப் போய்விட்டார்கள். சிலர் தெரிந்த வீட்டுப் பிரிட்ஜில் கொடுத்து வைத்திருக்கிறார்கள், சிலர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நீல நூல்காரர் ஊசியே வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார். எந்த மருந்தைத்தான் நம்புவது என்று கேட்கிறார். வீடு வீடாகப் போய்க் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்கள். உங்கள் வாய் வழியாகப் போனபோது என் பாதிச் சொல்லை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள், முழுச் சொல்லை நானே போய்ச் சொன்னால் சும்மா தலையாட்டுகிறார்கள்.

ஜீப்பில் ஏறப் போகும்போது சுகந்தி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் சட்டி, நீயே வைத்துக்கொள் என்றேன்.

"உங்கட சட்டிதானே. நீங்கள்தானே சொல்லிக் குடுத்தது. நீங்களே கொண்டு போங்கோ."

மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குளத்தூரைத் தாண்டும் வரைக்கும் என் சேலை ஈரமாகவே இருந்தது.

தினமும் காலையிலும் சாயங்காலமும், நீங்கள் குப்பி எடுத்துக் கொடுத்த அதே நேரத்துக்கு, மணலில் தண்ணீர் விடுகிறேன். உள்சட்டி எப்போதும் குளுகுளுவென்று இருக்கிறது. அதற்குள் சிவப்பு நூல் ஒன்று அடியில் ஒட்டிக் கிடக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.